ஆய்வுமுறைப் பயிலரங்கு: இரண்டாம் நாள் மதியம் மட்டும் போனால் போதும்

பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வு செய்யும் தொடக்கப்பள்ளி ஆசிரியை நான். ‘உங்கள் ஆய்வுக்கு எந்த பாரடைம்?’ (அதாவது, எந்தக் கண்ணோட்டத்தில் ஆய்வு செய்வது) என்று நோட்டீஸில் போட்டிருந்ததை நம்பித்தான் 1,200 ரூபாய் கட்டினேன். நடத்திய கல்லூரியின் பெயர் வேண்டாம். நாளைக்கு என் வைவாவுக்கு, அதாவது வாய்மொழித் தேர்வுக்கு, அங்கிருந்தே யாராவது வரலாம்.

முதல் நாள் முழுக்க எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருள்தான். 40 பேருக்கு 12 கணினி. எதை அளக்கிறோம் என்று கேட்பதற்குள் இரண்டு குழுக்களின் சராசரியை ஒப்பிடும் டி-டெஸ்ட் போட்டு முடித்துவிட்டார்கள். பாரடைமுக்கு ஒரே ஒரு ஸ்லைடு: இந்தப் பக்கம் பாசிட்டிவிசம் (அளந்து எண்ணிப் பார்ப்பது), அந்தப் பக்கம் இன்டர்பிரெட்டிவிசம் (மனிதர்கள் தரும் அர்த்தத்தைப் புரிந்துகொள்வது), நடுவில் ஒரு கோடு. “கைடு சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள்” என்று வகுப்பெடுத்தவர் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார்.

மறுநாள் சாப்பாட்டுக்கு அப்புறம் ஓய்வுபெற்ற பேராசிரியை ஒருவர் வந்தார். கையில் சாக்பீஸ் மட்டும். “இந்தத் தலைப்பு உங்களுக்கு எங்கிருந்து வந்தது?” என்று ஒவ்வொருவரையும் கேட்டார்.

என் வகுப்புப் பிள்ளை ஒருத்தியைப் பற்றிச் சொன்னேன். 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் என்ற அடிப்படைக் கற்றல் திட்டத்தில் பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்போம். இவள் அரும்பு, அதாவது தொடக்க நிலை. ஆனால் வீட்டில் தம்பிக்குக் கதைப் புத்தகத்தைத் தடங்கலில்லாமல் படித்துக் காட்டுகிறாள்.

“சரிம்மா, உங்கள் கேள்வித்தாளில் இவளை எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பீர்கள்?”

முப்பது கேள்வி, ஐந்து புள்ளி லைக்கர்ட் அளவுகோல் (‘முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன்’ முதல் ‘முற்றிலும் மறுக்கிறேன்’ வரை), மூன்று மாதம் உட்கார்ந்து தயாரித்தது. அதில் அவளுக்கு இடமே இல்லை.

உடனே எண்களைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை அவர். மாவட்டத்தில் இப்படி எத்தனை பிள்ளைகள் என்பது உங்கள் கேள்வியென்றால் எண்ணித்தான் ஆகவேண்டும். இவள் ஏன் வகுப்பில் வாய் திறப்பதில்லை என்பது கேள்வியென்றால் மாதக்கணக்கில் கூடவே உட்கார்ந்து நாட்குறிப்பு எழுதவேண்டும். “அவளுக்கு மார்க் போடுகிறவரும் நீங்கள்தானே? அதையும் ஆய்வேட்டில் எழுதுங்கள்” என்றார். இது எனக்குத் தோன்றவே இல்லை.

எண்ணுவதா, கூடவே உட்கார்ந்து பார்ப்பதா என்ற இந்தச் சண்டை பழையதாம். 1989இல் என். எல். கேஜ் என்ற கல்வி ஆய்வாளர், 2009இல் இருந்து திரும்பிப் பார்ப்பதுபோல் ‘பாரடைம் போர்கள்’ பற்றி ஒரு கட்டுரை எழுதி, போர் எப்படி முடிந்தது என்பதற்கு மூன்று விதமான கதை சொன்னாராம். கேட்க வேடிக்கையாக இருந்தது. அதற்குள் டீ வந்து, நேரமும் முடிந்துவிட்டது. அவருக்குக் கொடுத்தது ஒன்றரை மணி நேரம்தான்.

ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம். அதில் இரண்டு அந்த அம்மாவுக்கு, அரை வத்தக்குழம்புக்கு. சான்றிதழில் என் இனிஷியல் தப்பு. ஆய்வுச் சுருக்கமான சினாப்சிஸைத் திருத்தி கைடுக்கு அனுப்பிப் பத்து நாளாகிறது. இன்னும் போனை எடுக்கவில்லை.