ஹைலக்ஸ் 2.8 டீசல் பிக்கப்: நான்கு ஆண்டு இழுவைக்குப் பின் ஒரு மதிப்புரை

டொயோட்டா ஹைலக்ஸைப் பற்றி வரும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை வண்டியைக் காலியாக ஓட்டிப் பார்த்து எழுதப்பட்டவை. காலியாக இருக்கும்போது அதன் பின்பக்கம் மேடுபள்ளத்தில் துள்ளும் என்பதும், நெரிசலான இடங்களில் திருப்புவதற்குப் பொறுமை வேண்டும் என்பதும் உண்மைதான். ஆனால் பிக்கப் வாங்குகிறவர் காலியாக ஓட்டுவதற்காக அதை வாங்குவதில்லை. 2021-இல் நான் புதிதாக வாங்கிய வண்டி இரட்டைக் கேபினும் நான்கு சக்கர இயக்கமும் ஆறு வேக ஆட்டோமேட்டிக் கியரும் கொண்டது. நான்கு ஆண்டுகளில் ஒரு லட்சத்துப் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, பின்னால் டிரெய்லரைக் கட்டிக்கொண்டு ஓடிய தூரம். அந்த ஓட்டத்தை வைத்தே இதை எழுதுகிறேன்.

இந்தத் தலைமுறை 2015-இல் வந்தது. 2020-இல் செய்த மாற்றத்தில், ஆட்டோமேட்டிக் கியர் கொண்ட 2.8 லிட்டர் வண்டியின் முறுக்குவிசை 450 நியூட்டன் மீட்டரிலிருந்து 500-க்கு உயர்ந்தது. தாளில் சிறியதாகத் தெரியும் இந்த வித்தியாசம் ஏற்றத்தில் நன்றாகவே உணரக் கிடைக்கிறது, ஏனெனில் அந்த முழு விசையும் நிமிடத்துக்கு 1,600 சுற்றிலேயே வந்துவிடுகிறது. இரண்டரை டன்னைப் பின்னால் கட்டிக்கொண்டு மேடேறும்போதும் இன்ஜினை அலறவிட வேண்டியதில்லை. ஏற்றத்தில் கியரை அதன் போக்கில் விட்டால் மேலும் கீழுமாகத் தடுமாறும் என்பதால், கையால் நான்காவதிலோ மூன்றாவதிலோ நிறுத்திவிடுவது என் வழக்கம். முந்தைய தலைமுறையின் மூன்று லிட்டர் இன்ஜினில் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை மாற்றியே தீர வேண்டிய டைமிங் பெல்ட் இருந்தது. இதில் அதற்குப் பதிலாகச் செயின் இருப்பது, வண்டியை நெடுநாள் வைத்திருக்க நினைப்பவருக்குப் பெரிய ஆறுதல். காலியாக நூறு கிலோமீட்டருக்கு ஒன்பதரை லிட்டர் அளவில் குடிக்கும் வண்டி, டிரெய்லரோடு பதினைந்து லிட்டர் கேட்கிறது. 80 லிட்டர் டேங்க் என்பதால் ஐநூறு கிலோமீட்டருக்குள் பங்க்கைத் தேடத் தொடங்கிவிடுவேன்.

இனி, விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வரும் 3,500 கிலோ இழுவைத் திறனுக்கு வருகிறேன். பல நாடுகளில் இந்த வண்டிக்குத் தரப்பட்டிருக்கும் எண் இதுவே, அதுவும் தனக்கென்று பிரேக் உள்ள டிரெய்லருக்கு மட்டும். பிரேக் இல்லாத டிரெய்லர் என்றால் வரம்பு 750 கிலோதான். எண் பொய்யில்லை. ஆனால் அதைத் தனியாக எடுத்துப் படித்தால் தவறான முடிவுக்குப் போய்விடுவோம். டிரெய்லர் எடையில் ஏறக்குறைய பத்து சதவீதம், அதை வண்டியோடு மாட்டும் கொக்கியின் மீது இறங்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அதன்படி 3,500 கிலோ டிரெய்லர் கொக்கியின் மீது 350 கிலோ பாரத்தை இறக்குகிறது. அந்தப் பாரம் வண்டி ஏற்கக்கூடிய சுமையிலிருந்தே கழிக்கப்படும். இரட்டைக் கேபின் ஹைலக்ஸின் சுமை வரம்பு ரகத்துக்கு ரகம் மாறினாலும் ஒரு டன்னை ஒட்டியே நிற்கும். கொக்கிக்கு 350, நான்கு பேருக்கு 300, மேற்கூண்டும் கருவிப்பெட்டியும் சேர்ந்து 150 என்று வைத்துக்கொண்டால், பின்தட்டில் ஏற்றுவதற்கு மிஞ்சுவது 200 கிலோ மட்டுமே.

அதோடும் கணக்கு முடிவதில்லை. கொக்கி பின் அச்சுக்கு நேர் மேலே இல்லை, ஏறக்குறைய 1.2 மீட்டர் பின்தள்ளி இருக்கிறது. இரு அச்சுகளுக்கும் இடையிலான தூரம் 3,085 மில்லிமீட்டர். நெம்புகோல் கணக்கின்படி, கொக்கியில் இறங்கும் 350 கிலோ பின் அச்சில் சுமார் 485 கிலோவாக அழுத்துகிறது. அதிகப்படியான 135 கிலோவை முன் அச்சிலிருந்து தூக்கிவிடுகிறது. ஸ்டியரிங் இலேசாகிவிட்டது என்று சிலர் மகிழ்வதற்குக் காரணம் இதுதான், ஆனால் மகிழ வேண்டிய விஷயம் இல்லை: முன் டயர்கள் தரையைப் பிடிப்பது குறைந்திருக்கிறது என்று பொருள். பின்னால் தாழ்ந்து நிற்கிறதே என்று கூடுதல் ஸ்பிரிங் பட்டை போடுவதால் வண்டி பார்வைக்கு நிமிருமே தவிர, சட்டப்படியான எடை வரம்பு ஒரு கிலோகூட உயராது.

அதற்காகக் கொக்கிப் பாரத்தைக் குறைத்துவிடவும் முடியாது, குறைந்தால் டிரெய்லர் ஆடும் என்பதை, வண்டி வாங்கிய முதல் ஆண்டிலேயே ஒரு சிறிய மண்வாரி இயந்திரம் எனக்குக் கற்றுக்கொடுத்தது. 1,800 கிலோ இயந்திரத்தை இரட்டை அச்சு டிரெய்லரில் ஏற்றி, வசதியாக நின்ற இடத்திலேயே சங்கிலி போட்டுக் கட்டினேன். இறக்கத்தில் வேகம் எண்பதைத் தாண்டியதும் டிரெய்லர் முதலில் இலேசாகவும் பிறகு வண்டியின் பின்பக்கத்தையே இழுத்துப் போடும் அளவுக்கும் ஆடத் தொடங்கியது. வண்டியின் பிரேக்கைத் தொடாமல், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, டிரெய்லர் பிரேக்கை மட்டும் கையால் அழுத்தியதும் ஆட்டம் அடங்கியது. ஹைலக்ஸின் ஆட்டக் கட்டுப்பாட்டு மின்னணு அமைப்பும் அந்த நேரத்தில் உதவியது, ஆனால் ஏற்றிய தவறை அதனால் திருத்த முடியாது. எடைமேடையில் நிறுத்திப் பார்த்தபோது கொக்கிப் பாரம் வெறும் 90 கிலோ, அதாவது டிரெய்லர் எடையில் நான்கு சதவீதம்கூட இல்லை. இயந்திரத்தை ஒன்றரைச் சாண், ஏறக்குறைய 30 சென்டிமீட்டர், முன்னால் நகர்த்தியதும் அது 240-ஐத் தாண்டியது. அதன் பிறகு அதே சாலையில், அதே சுமையோடு வண்டி கோடு பிடித்தது போல் ஓடியது. டிரெய்லர் தளத்தில் அந்த இடத்தைப் பெயின்ட் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

பழுது பார்ப்பதில் இந்த வண்டி உரிமையாளருக்கு இணங்கிப் போகிறது. தனிச் சேசிஸ், பின்னால் பட்டை ஸ்பிரிங், கீழே குனிந்தால் கைக்கு எட்டும் பாகங்கள் என்று எல்லாம் பழைய முறைப்படியே இருக்கின்றன. நாற்பதாயிரம் கிலோமீட்டர் அளவில், நிறுத்திவிட்டுக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் கீழிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரத் தொடங்கியது. நான் கொண்டுபோன பட்டறையில் டிஃபரன்ஷியலை, அதாவது பின் அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரத் தொகுதியை, கழற்ற வேண்டும் என்று சொல்லிப் பெரிய தொகைக்கு மதிப்பீடு கொடுத்தார்கள். மனம் ஒப்பாமல் வீட்டுக்கு வந்து, வண்டிக்கடியில் படுத்துப் பார்த்தேன். பின்சக்கரங்களுக்குப் போகும் நீண்ட ஷாஃப்டின் நழுவு இணைப்பில் இருந்த, கிரீஸ் செலுத்துவதற்கான சிறிய முனையான கிரீஸ் நிப்பிள், செம்மண் அப்பிக் காய்ந்து, அப்படி ஒன்று இருப்பதே தெரியாத நிலையில் இருந்தது. துடைத்துவிட்டுக் கிரீஸ் கன்னை நாலைந்து முறை அழுத்தியதும், யுனிவர்சல் ஜாயின்ட்டின் கிராஸ்களுக்கும் அப்படியே கொடுத்ததும், மறுநாள் அந்தச் சத்தம் இல்லை. இன்றுவரை திரும்பவும் இல்லை. சுமை இழுக்கும் வண்டிக்கு எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும் இந்த நிப்பிள்களுக்குக் கிரீஸ் வைக்கச் சொல்லி, வைக்கும்போது பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்வது நல்லது.

கியர் எண்ணெயில்தான் எனக்குக் குறை. அளவு பார்க்க டிப் ஸ்டிக் கிடையாது. எண்ணெய் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது அடியில் உள்ள திருகைக் கழற்றி, வழிவதைக் கொண்டே அளவை அறிய வேண்டும். வீட்டில் செய்யக்கூடிய வேலை என்று சொல்ல மாட்டேன். அறுபதாயிரத்தில் மாற்றச் சொன்னபோது வெளியே வந்த எண்ணெய், சிவப்புப் போய்ப் பழுப்பேறியிருந்தது. இழுவை வேலை செய்யும் கியர் பெட்டியில் சூடுதான் எதிரி என்பதால், இனியும் அதே இடைவெளியில் மாற்றுவேன்.

டிரெய்லரின் சக்கரங்களை மறந்துவிட்டு வண்டியை மட்டும் பராமரிப்பதில் பயனில்லை. ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி, நான்கு சக்கரங்களின் நடுப்பகுதியான ஹப்களின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்க்கிறேன். நான்கும் ஒரே அளவு வெதுவெதுப்பாக இருந்தால் சரி. ஒன்று மட்டும் சுட்டால், பேரிங்கோ பிரேக்கோ அங்கே பிடிக்கிறது.

பழைய ஹைலக்ஸ் தேடுகிறவர்கள் புகையிலுள்ள கரியைப் பிடித்து வைக்கும் டீசல் துகள் வடிகட்டியைப் பற்றிக் கட்டாயம் விசாரிக்க வேண்டும். 2015 அக்டோபர் முதல் 2020 ஏப்ரல் வரை ஆஸ்திரேலியாவில் விற்கப்பட்ட டீசல் வண்டிகளில் இந்த அமைப்பு குறைபாடு உடையது என்று அந்நாட்டுக் கூட்டாட்சி நீதிமன்றம் 2022-இல் தீர்ப்பளித்தது. என் வண்டி அதற்குப் பிந்தையது, தொந்தரவு தந்ததில்லை. படிந்த கரி எரிந்து போவதற்கு வண்டி நீண்ட தூரம் சூடாக ஓட வேண்டும், என் இழுவை வேலை அதற்குத் தோதாக இருப்பதும் ஒரு காரணம். நாள்தோறும் நாலைந்து கிலோமீட்டர் மட்டுமே ஓட்டப்போகிறவர்களுக்கு இந்த டீசலைப் பரிந்துரைக்க மாட்டேன்.

பழைய வண்டியைப் பார்க்கும்போது சர்வீஸ் புத்தகத்தோடு கொக்கியையும் பாருங்கள். கொக்கியைப் பூட்டும் ஊசி செருகும் துளை வட்டமாக இல்லாமல் நீண்டிருந்தால், அந்த வண்டி எழுதியிருப்பதைவிட அதிகம் இழுத்திருக்கிறது. அடியில் படுத்து, கொக்கிச் சட்டம் சேசிஸோடு சேரும் போல்ட்டுகளைச் சுற்றி மயிரிழை விரிசலோ துருக்கோடோ தெரிகிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.