ஊசுட்டேரிப் பக்கம் ஒரு பூச்சி வகுப்பு

பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே பாடம் சொல்லித்தரும் எங்கள் ஒன்பது வயது மகளை, புதுச்சேரி ஊசுட்டேரிக்கு அருகில் ஒரு தோட்டத்தில் சனிக்கிழமைதோறும் நடக்கும் பூச்சி வகுப்புக்குக் கடலூரிலிருந்து அழைத்துச் சென்று வந்தோம். எட்டு வகுப்புகளுக்குக் கட்டணம் 2,400 ரூபாய்.

முதல் நாள் கரும்பலகையும் இல்லை, பாடமும் இல்லை. கொட்டகை இறவாரத்தின் கீழ், மழை படாத புழுதியில் புனல் புனலாக இருந்த சிறு குழிகளின் முன்னால் பிள்ளைகளைக் குப்புறப் படுக்கச் சொன்னார் ஆசிரியர். ஒரு பையன் எறும்பைப் பிடித்துக் குழிக்குள் போடப் போனபோது அதைத் தடுத்துவிட்டு, புல் நுனியால் குழியின் விளிம்பை மெல்லச் சுரண்டினார். அடியிலிருந்து மண் விசிறியடித்தது. பிறகு கரண்டியால் அள்ளி வெள்ளைத்தாளில் கொட்டியதும், சாம்பல் நிறத்தில் ஓர் உருண்டைப் பூச்சி பின்பக்கமாகவே நகர்ந்தது. சரியும் மண்ணில் எறும்பு ஏன் ஏறமுடிவதில்லை என்பதைச் சொல்லித்தர அதற்குமேல் ஒரு சொல்லும் தேவைப்படவில்லை.

இரண்டாம் வாரம் கறிவேப்பிலைச் செடியிலிருந்து எடுத்த ஒரு புழுவை, வலைமூடி போட்ட டப்பாவில் வீட்டுக்கே கொடுத்தனுப்பினார்கள். தொடக்கத்தில் பறவை எச்சம்போலவே இருந்த அது, சில நாட்களில் தோலுரித்துப் பச்சையாகியது. தூரிகையால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த கவை ஒன்றை நீட்டி நாற்றமடித்தது. கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்தது, கருஞ்சிறகில் வெண்புள்ளி வரிசை கொண்ட ஆண் கறிவேப்பிலை அழகி வண்ணத்துப்பூச்சி. சிறகு உலரும்வரை மகள் காலைச் சிற்றுண்டிக்கு வரவில்லை.

குறைகளும் உண்டு. இருபது பிள்ளைகளுக்கு நான்கு லென்ஸ்கள்தான். ஆகவே கூச்சமுள்ள பிள்ளையின் முறை வருவதற்குள் பூச்சி பறந்துவிடும். ஐப்பசி மழையில் நின்றுபோன இரண்டு வகுப்புகளுக்கு ஈடாக வேறு நாளும் தரவில்லை, பணமும் திரும்பவில்லை. இதைவிட என்னை உறுத்தியது, குறிப்புத்தாள்கள் முழுக்க ஆங்கிலத்தில் இருந்ததுதான். முதல் நாள் குழியில் பார்த்த பூச்சியை ‘ஆன்ட்லயன்’ என்று மகள் பெருமையோடு படம் காட்டியபோது, என் மாமியார், “அட, குழியானைதானே பாப்பா! இதை வெச்சு நாங்க விளையாடாத நாள் உண்டா?” என்றார். அந்தப் பெயர் வகுப்பில் ஒருமுறைகூட ஒலிக்கவில்லை.

தை மாதம் தொடங்கும் அடுத்த சுற்றுக்கும் மகளின் பெயரைக் கொடுத்திருக்கிறோம். லென்ஸை மட்டும் நாங்களே வாங்கிவிட்டோம்.