எல்ஃபுகளின் மனப்பேச்சு: உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேச முடியுமா?

ஃபேண்டஸி கதையில் எல்ஃப் என்றாலே கூர்க்காது, வில், சாகாத ஆயுள், அப்புறம் வாய் திறக்காமலே பேசும் திறமை, எல்லாம் சேர்ந்தே வந்துவிடும். ஆனால் அந்த மனப்பேச்சு எல்லா இடத்திலும் ஒரே சரக்கு இல்லை. ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீன், எல்ஃப்குவெஸ்ட் காமிக்ஸ், எரகன் நாவல் வரிசை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கு இருந்தது ஒரே கேள்விதான்: அங்கே பொய் சொல்ல முடியுமா?

டோல்கீனின் எல்ஃபுகளுக்கு முதலில் ‘மந்திரம்’ என்ற சொல்லே பிடிபடுவதில்லை. எல்ஃபுகளின் காடான லோத்லோரியனில், வந்த பயணக் கூட்டத்துக்கு மேலங்கி கொடுக்கும்போது, இதெல்லாம் மந்திர அங்கியா என்று அந்தக் கூட்டத்தில் ஒருவனான பிப்பின் கேட்கிறான். நீ எதைச் சொல்கிறாய் என்றே எங்களுக்குப் புரியவில்லை, நாங்கள் நேசிப்பவற்றின் நினைப்பை எங்கள் கைவேலையில் எல்லாம் வைக்கிறோம், அவ்வளவுதான் என்கிற தொனியில் பதில் வருகிறது. அதே கூட்டத்துச் சாமுக்கு எல்ஃபுகள் கொடுத்த கயிறும் இதே கதைதான். செங்குத்துப் பாறையில் இறங்கி முடித்ததும், மேலே கட்டிய கயிற்றை விட்டுப்போக மனசில்லாமல் கடைசியாக ஒரு இழுப்பு இழுக்கிறான், அது அவிழ்ந்து அவன் மேலேயே வந்து விழுகிறது. கூப்பிட்டேன், வந்தது என்பது சாமின் கட்சி; நீ போட்ட முடிச்சு லட்சணம் அப்படி என்பது கூட வரும் ஃப்ரோடோவின் கிண்டல். எது சரி என்று டோல்கீன் கடைசிவரை சொல்வதில்லை.

மனப்பேச்சிலும் அதே அடக்கம். லோத்லோரியனின் தலைவி கலாட்ரியல் அந்தக் கூட்டத்தில் ஒவ்வொருவரையும் கண்ணுக்குள் பார்க்கும்போது சாம் முகம் சிவந்து தலை குனிகிறான், உடம்பில் துணியே இல்லாத மாதிரி இருந்தது என்கிறான். கூட்டத்தில் இன்னொருவனான போரோமிர் மட்டும் அவள் தனக்கு எதை ஆசைகாட்டினாள் என்று வாயே திறப்பதில்லை. இதற்குப் பின்னால் ஒரு முழுக் கோட்பாடே இருப்பது டோல்கீன் எழுதி 1998-இல் அச்சான ‘ஓசான்வே-கென்டா’ கட்டுரையைப் படித்தால்தான் தெரியும். மனம் இயல்பாகத் திறந்தே இருக்கும், ஆனால் ‘வேண்டாம்’ என்று மூடிவிட்டால் எவ்வளவு பெரிய சக்தியாலும் உடைத்து உள்ளே போக முடியாது. அதனால்தான் டோல்கீன் உலகின் ஆதி வில்லன் மெல்கோர் நட்பு பேசி, இனிக்க இனிக்கப் பேசி, மூடிய கதவை வீட்டுக்காரரே திறக்கும்படி செய்கிறான். ஆக, பொய் மனப்பேச்சில் இல்லை, நாக்கில் இருக்கிறது.

எரகனில் எல்லாமே கணக்கு வழக்கு. ஒரு கல்லைக் கையால் தூக்க எவ்வளவு தெம்பு செலவாகுமோ, மந்திரத்தால் தூக்கினாலும் அவ்வளவும் உடம்பிலிருந்தே போகும். மந்திரத்துக்கான பழைய மொழியில் பொய்யே சொல்ல முடியாது. எல்ஃபுகள் என்ன செய்கிறார்கள்? ஒன்றைச் சொல்லி இன்னொன்றை நினைக்க வைக்கிற கலையில் தேர்ந்துவிடுகிறார்கள், நம்மூர் வக்கீல் நோட்டீஸ் மாதிரி! அந்த மொழியின் ஆபத்தைக் காட்ட எல்வா என்ற குழந்தை ஒன்று போதும். ‘தீங்கிலிருந்து காக்கப்படுவாயாக’ என்று வாழ்த்த நினைத்த கதாநாயகன் எரகன், சொல்லின் உருபு ஒன்று பிசகி, ‘தீங்கைத் தடுக்கும் கேடயமாக இரு’ என்று சொல்லிவிடுகிறான். பாவம், அந்தக் குழந்தை சுற்றியிருப்பவர்கள் வலியையெல்லாம் தாங்குகிறது. மந்திரத்துக்கு இதைவிட நல்ல விதி நான் படித்ததில்லை. ஆனால் மனப்பேச்சு என்று வந்தால் அங்கே பெரும்பாலும் கோட்டை முற்றுகைதான்: சுவர் எழுப்பு, ஒரே நினைப்பைப் பிடித்துக்கொள், எதிரி சுவரை உடை. விளையாட்டுக்கு விதி எழுதுகிறவர்களுக்குப் பிடிக்கும், எனக்குக் கொஞ்சம் சலிப்பு.

1978-இல் வெண்டி பினி, ரிச்சர்ட் பினி தம்பதி தொடங்கிய எல்ஃப்குவெஸ்டில் மந்திரத்தை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: ஒருத்தருக்குச் செடி வளைக்கத் தெரியும், ஒருத்தருக்குக் குணமாக்கத் தெரியும், பிறவிக் குணம், விளக்கம் கிடையாது. மனப்பேச்சுதான் அங்கே நடுநாயகம். அதில் பொய் சொல்லவே வராது. சரி, பொய்யே வராத ஊரில் ஒருவருக்குச் சொந்தமாக என்னதான் மிஞ்சும்? ஓநாய் மேல் சவாரி செய்யும் கூட்டம் அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது, ஆன்மப் பெயர் என்ற ரகசியப் பெயர். அதுதான் உள்ளறை, சாவியை லேசில் யாருக்கும் தருவதில்லை. இதில் சிக்கல் ‘அடையாளம் காணல்’ என்ற விஷயம்: இரண்டு பேர் கண்ணோடு கண் பார்த்த நொடியில் உடம்பே ஜோடியை முடிவு செய்துவிடும், பெயரும் வெளியே வந்துவிடும். அந்தக் கூட்டத்தின் தலைவன் கட்டரைப் பார்த்த மாத்திரத்தில், வேறு ஊர் எல்ஃப் பெண் லீட்டாவுக்கு அவன் ஆன்மப் பெயர் ‘டாம்’ என்று தெரிந்துவிடுகிறது. அவளுக்குக் கோபம். நியாயமான கோபம், யாரும் அவளைக் கேட்கவில்லையே.

டோல்கீனில் கதவு எப்போதும் உள்ளிருந்துதான் திறக்கும். வாழ்வதற்கு எந்த ஊர் என்றால் அந்த ஊர்தான். ஆனால் படிப்பதற்கு எல்ஃப்குவெஸ்டையே எடுப்பேன், காரணம் லீட்டா கூட இல்லை. கட்டரின் நண்பன் ஸ்கைவைஸுக்கும் அந்தப் பெயர் தெரியும். அவர்களுக்குள் எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை. கட்டராகத்தான் சொன்னான்.