பயோ வாஷ் என்று பில், கொடுத்தது வெறும் சிலிக்கான்: திருப்பூரில் துணி ஓட்டுபவர்கள் கவனத்துக்கு

30-ஆம் நம்பர் காட்டன் நூலில் ஓட்டிய சிங்கிள் ஜெர்சி (டி-சர்ட்டுக்கான பின்னல்) துணியை, பயோ வாஷ் (மேல் பிசிறை நீக்கும் சலவை) போட்டு 160 ஜிஎஸ்எம்மில் (சதுர மீட்டருக்கு 160 கிராம் எடையில்) தரச்சொல்லி இங்கே ஒரு பிராசசிங் யூனிட்டில் கொடுத்தேன். வந்த துணி வெண்ணெய் மாதிரி வழுக்கியது. பில்லில் கிலோவுக்கு இவ்வளவு என்று பயோ வாஷ் சார்ஜும் இருந்தது.

டி-சர்ட் விற்ற கொஞ்ச நாளிலேயே வாடிக்கையாளர்களிடமிருந்து போட்டோக்கள் வர ஆரம்பித்தன. அக்குளிலும் வயிற்றுப் பக்கமும் பஞ்சு உருண்டை உருண்டையாகத் திரண்டிருக்கிறது. கறுப்பு நிறம் மங்கிவிட்டது. பக்கத் தையல் முன்பக்கம் திரும்பியிருக்கிறது.

பயோ வாஷ் என்றால் செல்லுலேஸ் என்சைம். பெரும்பாலும் லேசான அமிலத் தண்ணீரில், 50-55 டிகிரி சூட்டில், முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் துணி ஓட வேண்டும். மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறை என்சைம் அரிக்கும், உரசலில் அது உதிரும். அதனால் துணியின் எடையும் கொஞ்சம் இறங்கும். பிறகு சூட்டை 80 டிகிரிக்கு ஏற்றி என்சைமை நிறுத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் துணியின் பலமே போய்விடும். நேரமும் நீராவியும் தின்கிற வேலை இது. துணியை வழுவழுப்பாக்கும் சிலிக்கான் சாஃப்ட்னரோ கடைசித் தண்ணீரில் ஊற்றினால் முடிந்தது. பிசிறை எடுக்காது, படுக்க மட்டும் வைக்கும். துவைக்கத் துவைக்கப் பூச்சு போய்ப் பிசிறு எழும்பும்.

கேட்கப் போனால், "எல்லாருக்கும் இதேதானுங்க போடறோம், சாஃப்டாத்தான இருக்குதுங்க?" என்கிறார்கள். என் துணிக்கு என்னென்ன போட்டார்கள் என்று எழுதிவைக்கும் பேட்ச் கார்டை வாங்கிப் பார்த்தேன். என்சைம் என்று ஒரு வரிகூட இல்லை. இது கவனக்குறைவு அல்ல, ஏமாற்று.

தண்ணீர்ச் சொட்டு விட்டு, அது உறிஞ்சாமல் நின்றால் வெறும் சிலிக்கான்தான் என்று தெரியும் என்பார்கள். அதை நம்பாதீர்கள், ஒழுங்காக பயோ வாஷ் ஆன துணிக்கும் கடைசியில் சாஃப்ட்னர் போடுவது உண்டு. ஒரு துண்டை வெட்டி, சோப்புப் போட்டு நாலைந்து முறை துவைத்துக் காயவையுங்கள். விரல்மேல் மடித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், பயோ வாஷ் ஆகாத துணியில் மடிப்பின் ஓரத்தில் முடிமுடியாக நிற்பது கண்ணில் படும். துவைக்கும் முன்பே அதில் 50 செ.மீ. சதுரம் குறித்துவிட்டால் சுருக்கமும் தெரியும். எனக்கு நீளவாக்கில் 46தான் நின்றது. பின்னால் சுருங்காமல் இருக்கத் துணியை முன்கூட்டியே நெருக்கும் காம்பேக்டிங்கும் சரியாகச் செய்யவில்லை.

வாஷ் சார்ஜை மட்டும் கழித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். திரும்பி வந்த டி-சர்ட்டுகளைப் பற்றிப் பேச்சே இல்லை. நீங்கள் துணி கொடுக்கும்போதே சலானில் ‘என்சைம் பயோ வாஷ்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பேட்ச் கார்டு நகல் கைக்கு வந்து, துவைத்த துண்டையும் பார்த்த பிறகு கட்டிங்குக்கு அனுப்புங்கள்.