வண்டி தூக்கிப் போடுகிறது என்று போனேன், பட்டையை ஏற்றி அனுப்பினார்கள்

பிக்கப் வைத்திருப்பவர்கள் பட்டறைக்குப் போவதற்கு முன்னால் இதை ஒருதடவை படித்துவிடுங்கள். எனக்கு 16,500 ரூபாய் போனது. ஆக்ஸில் (சக்கர அச்சு) கழன்று நடுரோட்டில் நிற்காமல் தப்பியது எந்தச் சாமி புண்ணியமோ.

என்னுடையது ஏழு வருடத்துப் பொலேரோ பிக்கப். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளியும் முருங்கையும் ஏற்றுவேன். போன தை மாதத்திலிருந்து வண்டி கண்டபடி தூக்கிப் போட ஆரம்பித்தது. லோடோடு போகும்போது ஓரளவுக்குப் பரவாயில்லை, இறக்கிவிட்டுக் காலி வண்டியாகத் திரும்பும்போதுதான் கூத்து. ஒரு வேகத்தடை ஏறி இறங்கினால் அடுத்த கரண்ட் கம்பம் வரைக்கும் பின்பக்கம் குதித்துக்கொண்டே வரும். ஒருநாள் வீட்டுக்காரியை ஏற்றிக்கொண்டு பழனிக்குப் போனேன். "இதுக்கு எங்கப்பா வீட்டு மாட்டு வண்டியே தேவலை" என்று இடுப்பைப் பிடித்தபடி இறங்கியவள், திரும்பி வரும்போது பஸ் ஏறிவிட்டாள்.

பைபாஸ் ஓரம் ஒரு பட்டறை. பெயர் வேண்டாம். கடைக்காரர் வண்டிக்கு அடியில் தலையைக்கூட நீட்டவில்லை. பின்தொட்டியைக் காலால் ஒரு உதை உதைத்தார். "பட்டை செத்துப்போச்சுண்ணே. சைடுக்கு ரெண்டு பட்டை சேர்த்து, பின் ஷாக்கையும் மாத்திட்டா கார் மாதிரி போகும்." பட்டை என்றால் வண்டி எடையைத் தாங்க அடுக்கியிருக்கும் வளைந்த இரும்புத் தகடு ஸ்பிரிங், ஷாக் என்றால் ஷாக் அப்சார்பர். பில் கேட்டேன். "பில்லு போட்டா ஜிஎஸ்டி சேர்ந்துரும்ணே, உங்களுக்கு எதுக்கு வீண் செலவு?" நானும் சரி என்று தலையாட்டினேன். "போய் டீ சாப்பிட்டுட்டு வாங்க" என்றார். அதையும் கேட்டேன். வேலை நடந்தபோது பக்கத்தில் நிற்காதது என் தப்புதான்.

சாயங்காலம் வண்டியை எடுத்தபோது பின்பக்கம் நாலு விரற்கடை உயர்ந்து நின்றது. ஹெட்லைட் வெளிச்சம் மூக்குக்குக் கீழே விழுந்தது. வீட்டுக்குள் போவதற்குள் பல் ஆடிவிட்டது. மறுநாள் 14 கிலோ பெட்டியில் 90 பெட்டி தக்காளி ஏற்றிப் போனேன். அடிவரிசைப் பெட்டிகளிலிருந்து சாறு ஒழுகியது. கமிஷன் கடையில் ஒருத்தர், "என்னண்ணே, ரசம் வச்சே கொண்டாந்துட்டீங்களா?" என்றார். சிரித்தபடியே விலையைக் குறைத்துவிட்டார்.

திரும்பப் பட்டறைக்குப் போனால், "புதுப் பட்டைண்ணே, செட் ஆகணும். ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டிட்டு வாங்க" என்றார்கள். ஓட்டினேன். எண்ணூறு தாண்டியதும் வண்டி நண்டு மாதிரி ஒருக்களித்துப் போக ஆரம்பித்தது. நேராகப் போவதற்கே ஸ்டியரிங்கை ஒருபக்கம் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அப்புறம்தான் லாரிக்காரர்கள் சொன்ன ஒரு பெரியவரிடம் போனேன். நாற்பது வருடமாக லாரிக்குப் பட்டை வேலை மட்டுமே பார்க்கிறவர். சாக்கை விரித்து அடியில் நுழைந்தவர் கால்மணி நேரம் வெளியே வரவில்லை. வந்ததும் முதல் கேள்வி: "தம்பி, இந்த யூ போல்ட்டைப் பார்த்தீங்களா?"

பார்த்தேன். பட்டை அடுக்கையும் ஆக்ஸிலையும் சேர்த்து இறுக்குவது இந்த யூ போல்ட்தான். இரண்டு பட்டை கூடினால் கட்டு உயரும், அதற்கேற்ற நீள போல்ட் போட வேண்டும். இவர்கள் பழைய போல்ட்டையே போட்டிருந்தார்கள். மரை நட்டுக்கு வெளியே வரவே இல்லை, பாதி நட்டில்தான் பிடித்துக்கொண்டிருந்தது. புதுக்கட்டு கட்டினால் சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் திரும்ப ஒருதடவை முறுக்கித் தர வேண்டும், அதையும் யாரும் சொல்லவில்லை. கட்டு தளர்ந்து, பட்டைகளை நடுவில் கோத்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் அறுந்து, இடதுபக்கம் ஆக்ஸில் ஒரு விரல் அளவு பின்னால் நகர்ந்திருந்தது.

"சரிங்கய்யா, பட்டை செத்துப்போச்சுன்னாங்களே?"

"உங்க பழைய பட்டை நல்லாத்தான் இருக்கு. செத்துப்போன பட்டை தொய்ஞ்சுல்ல உக்காரும்? இது வளைவோடதானே நிக்குது."

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தவரை சொல்கிறேன். பிக்கப்பின் பின்பட்டை முழு லோடைத் தாங்குவதற்காகச் செய்தது. காலி வண்டியில் அதை அமுக்க எடையே கிடையாது, அதனால் கொஞ்சம் தூக்கிப் போடத்தான் செய்யும். அதில் இன்னும் பட்டை சேர்த்தால் விறைப்பு கூடுமே தவிரக் குறையாது. அதுவும் எனக்குப் போட்டது 10 மில்லிமீட்டர் தடிமன் பட்டை, என் வண்டிப் பட்டை 8 மில்லிமீட்டர். இரண்டு மில்லிதானே என்று நினைத்தேன். அந்த இரண்டு மில்லியில் ஒரு பட்டையின் விறைப்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகிவிடுகிறது. லோடு ஏறினால் மட்டும் வேலை செய்கிற ஹெல்பர் பட்டையாகக் கீழே வைத்திருந்தாலாவது பரவாயில்லை. மெயின் பட்டைக்கு அடுத்தே செருகியிருந்தார்கள், காலி வண்டியிலும் முட்டுக் கொடுத்து நிற்கிறது.

குதித்துக்கொண்டே வந்ததற்குக் காரணம் ஷாக். பட்டை ஆடினால் ஆட்டத்தை அடக்குவது அதன் வேலை. அதைத்தான் மாற்றியாயிற்றே என்றேன். பெரியவர் ஒன்றைக் கழற்றி, ஸ்பேனர் முனையால் கறுப்புப் பெயின்டைச் சுரண்டினார். உள்ளே பழைய வெல்டிங் தழும்பு, துருப்பிடித்த சொட்டை. கையில் கொடுத்து அமுக்கி இழுக்கச் சொன்னார். பாதித் தூரம் சைக்கிள் பம்பு மாதிரி சர்ரென்று போனது, பிடிமானமே இல்லை. யாரோ கழற்றிப் போட்ட ஷாக்குக்கு எண்ணெய் ஊற்றிப் பூசி என் தலையில் கட்டியிருக்கிறார்கள். என்னுடைய பழசு இந்நேரம் வேறு எவன் வண்டியில் புதுசாகத் தொங்குகிறதோ!

இன்னும் இரண்டு சங்கதி இருந்தது. பட்டையின் பின்முனையைத் தாங்குகிற, ஷாக்கிள் என்கிற ஆடும் இணைப்பின் புஷ் கிரீஸ் காணாமல் இறுகிப்போயிருந்தது. லோடு விழும்போது பட்டை நிமிர்ந்து நீள வேண்டும், அதற்கு ஷாக்கிள் ஆட வேண்டும், அது ஆடவே இல்லை. அடுத்தது டயர் காற்று. பஞ்சர் கடையில் "லோடு வண்டிதானே" என்று வண்டிக் கையேட்டில் இருப்பதைவிடப் 15 பிஎஸ்ஐ கூடவே ஏற்றிக்கொண்டிருந்தார்கள். இதைச் சரிபார்க்கக் காசே ஆகாது, ஆனால் பைபாஸ்காரர் காற்றழுத்தம் பார்க்கிற கேஜை எடுக்கவே இல்லை.

சேர்த்த பட்டைகளை உருவினோம். புது யூ போல்ட், சென்டர் போல்ட், புஷ், கம்பெனி கவுன்டரில் பில்லோடு வாங்கிய ஒரு ஜோடி ஷாக், கூலி எல்லாம் சேர்த்து 8,900 ஆனது. கழற்றிய சாமான் அத்தனையையும் பெரியவர் கேட்காமலேயே சாக்கில் கட்டிக் கொடுத்தார்.

பைபாஸ்காரரிடம் போய் அந்த ஷாக்கைக் காட்டினேன். "இது நாங்க போட்டதே இல்லைண்ணே" என்றார். நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய், நுகர்வோர் கோர்ட்டுக்குப் போ என்று மச்சான் குதித்தான். பிழைப்புக்காகச் சொந்தமாக ஓட்டுகிற வண்டி என்றால் அங்கே வழக்குப் போட வழி இருக்கிறது. ஆனால் பில்லும் இல்லை, ஜிபே கூட இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்திருக்கிறேன். எதைக் காட்டுவது?

"பட்டை ஏத்திட்டீங்க, இனி ரெண்டு டன்னுகூடத் தாங்கும்" என்றும் அன்றைக்கு அவர் சொல்லியிருந்தார். ஆர்சி புத்தகத்தில் இருக்கிற எடை பட்டை சேர்த்தால் மாறாது. ஓவர்லோடில் பிடித்தால் 20,000 அபராதம், கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு 2,000. அதை யார் கட்டுவதாம்?

இப்போது வண்டி கார் மாதிரியெல்லாம் போகவில்லை, பிக்கப் பிக்கப்தான். ஆனால் வேகத்தடையில் ஒருதடவை எழும்பி உட்கார்ந்தால் அதோடு சரி. உருவிய நாலு பட்டையும் மாட்டுத் தொழுவத்தில் சாத்தியிருக்கிறது. அரிவாள் அடிக்கிறவர் ஒருத்தர் கிலோ என்ன விலை என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்.