தோசைக்கு இலை, சாம்பாருக்குத் தூக்கு: பார்சலை எதில் வாங்குவது?

ஓட்டலில் "பார்சல்" என்று சொன்னால் நம் ஊரில் சாப்பாடு பல வேஷத்தில் கைக்கு வரும். வாழை இலைப் பொட்டலம், மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, சில்வர் ஃபாயில் ஆகிய மூன்றும் கடைக்காரர் தருவது. நான்காவது, நாமே வீட்டிலிருந்து எடுத்துப்போகும் எவர்சில்வர் தூக்கு. பார்க்கச் சுத்தமாக இருக்கிறது என்று டப்பாவைக் கேட்டு வாங்குபவர்கள் இப்போது அதிகம். எல்லாப் பண்டத்துக்கும் டப்பா என்பது சரியில்லை என்பதே என் எண்ணம். எதை வாங்குகிறோம், எவ்வளவு நேரம் கழித்துச் சாப்பிடப் போகிறோம் என்பதை வைத்துத்தான் இதை முடிவு செய்ய வேண்டும்.

முதலில் தோசை. கல்லிலிருந்து எடுத்த தோசையில் ஆவி அடங்கச் சற்று நேரம் ஆகும். டப்பாவில் போட்டு மூடினால் அந்த ஆவி வெளியே போக வழியில்லை. மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கட்டி, தோசை மேலேயே சொட்டும். வீட்டுக்கு வந்து திறந்தால் முறுகல் தோசை ஈரத்துணி மாதிரி கிடக்கும். மெதுவடைக்கும் பூரிக்கும் இதே கதிதான். இலையில் மடித்துக் காகிதம் சுற்றிய பொட்டலத்தில் மடிப்பு வழியே கொஞ்சம் ஆவி வெளியேறும், கொஞ்சத்தைக் காகிதம் உறிஞ்சிக்கொள்ளும். முறுகல் முழுதாகத் தங்காது, ஆனால் நமத்துப்போகாது.

இலையின் மேலே இயற்கையாகவே மெழுகுப் பூச்சு உண்டு. எண்ணெய்ப் பண்டம் அதில் ஒட்டாது, சூடு பட்டால் அந்த மணமும் வரும். பொங்கல் பார்சலைப் பிரிக்கும்போது வருமே, அந்த வாசம் டப்பாவில் கிடைக்காது. மதுரைப் பக்கம் கிழி பரோட்டா என்று ஒன்று செய்கிறார்கள். பரோட்டாவைச் சால்னாவோடு இலையில் வைத்துக் கட்டி, பொட்டலத்தோடு வேகவைத்துத் தருவார்கள். அங்கே இலை வெறும் உறை இல்லை, சமையலிலேயே சேர்ந்துவிடுகிறது.

இலையின் குறைகளையும் சொல்லத்தான் வேண்டும். முகூர்த்த நாட்களில் இலைக்கட்டு விலை ஏறிவிடும். அப்போது சில கடைகளில் உள்ளங்கை அளவுக்குத் துண்டு இலையை வைத்து, மீதியைச் செய்தித்தாளில் சுற்றிவிடுவார்கள். அங்கேதான் ஆபத்து. அச்சு மையில் ஈயம் உள்ளிட்ட கன உலோகங்கள் இருக்கலாம். சூடும் எண்ணெயும் பட்டால் மை உணவில் இறங்கும். செய்தித்தாளில் உணவைக் கட்டக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-லேயே எச்சரித்தது, 2018-ல் வந்த பேக்கேஜிங் விதிகளும் அதையே சொல்கின்றன. எனவே "பெரிய இலையா போடுங்கண்ணே, பேப்பர் சாப்பாட்டுல படாம கட்டுங்க" என்று தயங்காமல் கேளுங்கள். வாட்டாத இலை மடிப்பில் கிழியும் என்பதால், வாட்டிய இலையாகவே கேட்பது நல்லது.

சாம்பார், ரசம், சால்னா, டீ போன்றவற்றில் எனக்குச் சந்தேகமே இல்லை, தூக்குதான். கொதிக்கக் கொதிக்க மெல்லிய கவரில் ஊற்றி நூல் சுற்றித் தருவதை இன்னும் பல இடங்களில் பார்க்கிறேன். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை இருக்கிறது. உணவு கட்டும் பிளாஸ்டிக் தாள், கேரி பேக், தெர்மாகோல் தட்டு, பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப் எல்லாம் அந்தப் பட்டியலில் அடக்கம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அந்தக் கவர் உணவுக்கென்று செய்யப்பட்டதுதானா என்பதே வாங்குகிற நமக்குத் தெரிய வழியில்லை. எவர்சில்வரில் அந்தக் கவலை கிடையாது. புளிப்பும் உப்பும் அதை எளிதில் ஒன்றும் செய்யாது, ஆறினால் அப்படியே அடுப்பில் வைத்துச் சூடு பண்ணலாம். இன்னொரு லாபமும் உண்டு: பாத்திரத்தை நீட்டினால் சாம்பார் ஊற்றுபவரின் கை சற்றுத் தாராளமாகவே இருக்கும்! பார்சல் கட்டணம் தனியாக வாங்கும் கடையில், பாத்திரம் கொண்டுவந்தவரிடம் அதைக் கேட்கக் கூடாது என்று பில் போடும்போதே சொல்லிவிடுங்கள்.

டப்பாவுக்கும் ஓர் இடம் உண்டு. ஆப்பில் ஆர்டர் செய்து, வண்டியில் ஐந்தாறு கிலோமீட்டர் குலுங்கி வரும் பிரியாணிக்கும் குழம்புக்கும் அதை விட்டால் வேறு வழி குறைவு. அப்போது அடியில் இருக்கும் முக்கோணத்தைப் பாருங்கள். உள்ளே 5 என்றிருந்தால் பாலிப்ரொப்பிலீன், கொதிக்கும் சாம்பாரின் சூட்டில் இளகாது. கண்ணாடி போலத் தெரியும் 1-ம் எண் டப்பா ஆறிய இனிப்புக்கும் பழத்துக்கும்தான் சரி, சூடு பட்டால் கோணிப்போகும். 6 என்றிருந்தால் சூடான எதையும் அதில் வாங்காதீர்கள்.

ஃபாயிலில் சப்பாத்தி, சிக்கன் வறுவல் வாங்கலாம். புளியோதரை, தக்காளி சாதம், எலுமிச்சை சாதம் வேண்டாம். புளிப்பும் உப்பும் சேர்ந்தால் அலுமினியம் கரைந்து உணவில் இறங்கும், நேரம் ஆக ஆக இன்னும் கூடும்.

பேப்பர் கப் ஆபத்தில்லாதது என்று நம்புபவர்களுக்கு ஒரு தகவல். காரக்பூர் ஐஐடி ஆய்வாளர்கள் 2020-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 100 மில்லி சூடான பானம் அந்தக் கப்பில் 15 நிமிடம் இருந்தால் ஏறக்குறைய 25,000 நுண்பிளாஸ்டிக் துகள்கள் அதில் கலக்கின்றன. உள்ளே பூசியிருக்கும் மெல்லிய படலம்தான் காரணம். ஆபீசுக்கு டீ வாங்கப் போகிறவர் கையில் ஒரு ஃபிளாஸ்க் இருந்தால் போதும்.

எதில் வாங்கினாலும் நேரக் கணக்கு ஒன்று உண்டு. சோற்றில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாக இருக்கும்போது அவை முளைத்துப் பெருகும். 60 டிகிரிக்கு மேல் சூடாகவோ, ஃபிரிட்ஜில் குளிர்ந்தோ இருந்தால் அவற்றுக்கு வேலையில்லை. மூடிய டப்பாவில் சோறு இந்த இரண்டுக்கும் நடுவில் வெகுநேரம் வெதுவெதுப்பாகவே கிடக்கும். மதியச் சாப்பாட்டை வாங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுவது நல்லது. இரவு ரயிலுக்கு என்றால் சாத வகைகளை விட்டுவிட்டு, இட்லியில் நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவி இலையில் கட்டித் தரச் சொல்லுங்கள். தேங்காய்ச் சட்னி மட்டும் வேண்டாம், முதலில் கெடுவது அதுதான்.