மதுரையில எம்.சி.ஓ.பி. (ரோடு விபத்து நஷ்டஈடு மனு) கேஸ் பாக்குற ஒரு வக்கீல் ஆபீஸ் - எங்க அனுபவம்

ரோடு விபத்துல வீட்டுல ஒருத்தர இழந்துட்டு நஷ்டஈடு கேஸுக்கு எந்த வக்கீல்கிட்ட போறதுன்னு தெரியாம இருக்குறவங்களுக்காக இத எழுதுறேன். ஆபீஸ் பேர போடல, வக்கீலுங்க விளம்பரம் பண்ணக்கூடாதுன்னு பார் கவுன்சில் ரூல் இருக்கு, பேர் வேணாம்னு அந்த ஆபீஸ் வக்கீல் சாரே சொல்லிட்டாரு. ஆனா அவங்க வேலை பாத்த விதம் தெரிஞ்சா நீங்க போற இடத்துலயும் அதையே கேட்டு வாங்கலாம்.

அக்கா வீட்டுக்காரர் எலக்ட்ரீஷியன், 34 வயசு, பைக்ல வர்றப்ப லாரி அடிச்சிருச்சு. அக்கா, ரெண்டு புள்ளைங்க, மாமாவோட அம்மா, நாலு பேருக்கும் அவர் சம்பாத்தியம்தான். முதல்ல பாத்த ஒரு வக்கீல் எவ்ளோ வரும், எப்படி வரும்னு ஒரு வார்த்தை சொல்லாம வர்ற பணத்துல 25 பர்சென்ட்னு ஆரம்பிச்சாரு. ஜெயிச்ச பணத்துல பங்கு பேசுறதே பார் கவுன்சில் ரூலுக்கு விரோதம், அது இந்த ஆபீஸ்ல வந்துதான் எங்களுக்கு தெரிஞ்சுது, இங்க பீஸ் இவ்ளோன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க.

எனக்கு ரொம்ப பிடிச்சது என்னன்னா கணக்க ஒளிச்சு வைக்கல, அக்காவ பக்கத்துல உக்கார வச்சு பேப்பர்ல போட்டு காட்டுனாங்க. சுப்ரீம் கோர்ட் 2009ல சரளா வர்மா கேஸ்லயும் 2017ல பிரணய் சேத்தி கேஸ்லயும் சொன்ன முறைதான் இந்தியா முழுக்க. மாச வருமானம் 20,000ன்னு வச்சுக்கங்க. 40 வயசுக்கு கீழ, சொந்தத் தொழில், அதனால வருங்காலத்துல வருமானம் ஏறியிருக்கும்னு 40 சதவீதம் கூட்டணும், 28,000. நம்பி இருக்குறவங்க நாலு பேர்ங்கிறதால அவரோட சொந்த செலவுக்குன்னு கால் பங்கு கழியும், மிச்சம் 21,000. வருஷத்துக்கு 2,52,000. 31லேர்ந்து 35 வயசுக்கு மல்டிப்ளையர், அதாவது வருஷ வருமானத்த பெருக்குற எண், 16, பெருக்குனா 40,32,000. இதோட துணைய, அப்பாவ, புள்ளைய இழந்ததுக்குன்னு ஆளுக்கு 48,400, எஸ்டேட் இழப்புக்கும் (அவர் இருந்திருந்தா சேத்து வச்சிருக்கக்கூடிய சொத்து) ஈமச்சடங்குக்கும் தலா 18,150.

60 வயசு வரைக்கும்னா 26 வருஷம் ஒழைச்சிருப்பாரே, ஏன் சார் 16னு அக்கா கேட்டுச்சு. மொத்த பணமும் இப்பவே கைக்கு வருது, பேங்க்ல போட்டா வட்டி வரும், நடுவுல நோய் நொடி வந்திருக்கலாம், அதெல்லாம் சேத்து கழிச்சுதான் அந்த நம்பர்னு பொறுமையா சொன்னாரு. அமெரிக்கால இந்த வேலைக்குன்னே பொருளாதார நிபுணருங்க இருக்காங்களாம், எத்தன வருஷம் வேலை பாத்திருப்பாரு, சம்பளம் எப்படி ஏறியிருக்கும், எந்த வட்டியில கழிக்கணும்னு ஒவ்வொரு கேஸுக்கும் தனித்தனியா கணக்கு போட்டு கூண்டுல ஏறி சாட்சி சொல்வாங்களாம். நம்ம ஊர்ல அந்த சண்டை கெடையாது, டேபிள் ஒண்ணுதான்.

அப்போ வக்கீலுக்கு என்ன வேலைன்னா, அந்த முதல் நம்பர்தான், மாச வருமானம். ஆதாரம் இல்லன்னு ட்ரிப்யூனல் (இந்த கேஸ விசாரிக்கிற கோர்ட்) 12,000ன்னு தோராயமா வச்சா அதே பெருக்கல்ல 24,19,200தான் வரும், 16 லட்சத்துக்கு மேல போச்சு. மாமா ஐ.டி. ரிட்டர்ன் எதுவும் போட்டதில்ல. இந்த ஆபீஸ் ஜூனியர் பொண்ணு வீட்டுக்கே வந்து மாமாவோட பாஸ்புக், ஜி.பே.ல பணம் வந்த கணக்கு, ஒயர் சுவிட்ச் வாங்குன பில்லு, வயர்மேன் லைசன்ஸ்னு ஒவ்வொண்ணா எடுத்து தேதி வாரியா அடுக்குச்சு, அவருக்கு தொடர்ந்து வேலை குடுத்த பில்டிங் கான்ட்ராக்டர சாட்சியா கூட்டிட்டு வந்து குறுக்கு விசாரணையில என்ன கேப்பாங்கன்னு முன்னாடியே சொல்லி தயார் பண்ணுச்சு. இன்சூரன்ஸ் கம்பெனி லோக் அதாலத்துல (சமரசம் பேசி முடிக்கிற மக்கள் நீதிமன்றம்) பேச கூப்பிட்டப்ப கூட அவங்க எந்த வருமானத்த வச்சு அந்த தொகைய சொல்றாங்கன்னு பின்னாடிலேர்ந்து கணக்கு போட்டு காட்டி, முடிவ அக்காகிட்டயே விட்டாங்க. அக்கா வேணாம்னுடுச்சு.

தீர்ப்புல வருமானம் 18,000ன்னு எடுத்தாங்க. எல்லாம் சேத்து 38,58,700, மனு போட்ட தேதிலேர்ந்து 7.5 சதவீத வட்டி. புள்ளைங்க பங்கு மேஜர் ஆகுற வரைக்கும் பேங்க் டெபாசிட்ல இருக்கும். மாமாவுக்கு இருந்த எல்.ஐ.சி. பணத்த இதுல கழிக்கணும்னு எதிர்தரப்பு கேட்டுச்சு, அப்படி கழிக்கக்கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு இருக்குன்னு சார் எடுத்து குடுத்துட்டாரு.

குறையும் இருக்கு. சார் போன் எடுக்கவே மாட்டாரு, சாயங்காலம் போனா வராண்டா முழுக்க கூட்டம், வாய்தா தள்ளிப் போனத நாங்களா கேட்டுதான் தெரிஞ்சுக்கணும். துக்கத்துல இருக்குற ஒரு பொம்பளைய அவ்ளோ நேரம் காக்க வைக்கிறது சரியில்ல, ஒரு டோக்கன் போட்டாலே போதும்.

காயம் பட்ட கேஸும் நெறைய பாக்குறாங்க. டாக்டர் குடுக்குற ஊன சதவீதத்த அப்படியே போட்டுட்டு விட மாட்டாங்க, அந்த ஊனத்தால பொழப்பு எவ்ளோ போச்சுன்னு பாக்குறாங்க. 2010ல ராஜ்குமார் கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டே இத சொல்லியிருக்கு, இடது கை போச்சுன்னா டிரைவருக்கோ தச்சருக்கோ கிட்டத்தட்ட முழு வருமானமும் போச்சு, அதே கவர்மெண்ட் கிளார்க்குக்கு வேலை போகாம இருக்கலாம். வீட்டுல இருக்குற அம்மா போனாலும் சும்மாதான இருந்தாங்கன்னு விட்டுறாதீங்க, வீட்டு வேலைக்கும் வருமானம் கணக்கிடணும்னு 2021ல கீர்த்தி கேஸ்ல தீர்ப்பே இருக்கு.

போறப்ப எஃப்.ஐ.ஆர், போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட், வாரிசு சர்டிபிகேட், வயசுக்கு ஆதாரம், எல்லாத்துக்கும் மேல வருமானம்னு காட்ட ஒரு துண்டு சீட்டு இருந்தாலும் எடுத்துட்டு போங்க, பழைய பில்லுன்னு எதையும் தூக்கிப் போடாதீங்க. 2022 ஏப்ரல்லேர்ந்து விபத்து நடந்து 6 மாசத்துக்குள்ள மனு போடணும்னு சட்டத்துல இருக்கு, அதனால காரியமெல்லாம் முடிஞ்ச கையோட போயிருங்க.